தீபாவளிக் காரும் என் தொண்டையும்

டைனமோ கெட்டுப்போனதற்காகச் சந்தோஷப்பட்ட மனிதன் மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த எனக்கு என் குரல்தான் சோறு போட்டது. சிம்மக்கல் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு ஊர் ஊராக விளம்பரக் கார் விட்டார்கள். பழைய அம்பாசடர். தலைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் காரின் பேட்டரியிலேயே ஓடும் ஆம்ப்ளிஃபயர், அதன் பக்கத்தில் மைக்கும் கையுமாக நான். "சேலை எடுக்க வாரீகளா தாய்மாரே" என்று நான் இழுத்தால், வயலில் களையெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகச் சம்பளமே இல்லாமல்கூடப் போயிருப்பேன். முதலாளியிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்த கையோடு என் குரல் கம்மத் தொடங்கியது. காலையில் அலங்காநல்லூர் ரோட்டில் கணீரென்று இருக்கும். மதியத்துக்கு மேல் ஸ்பீக்கரில் வருவது சளி பிடித்தவன் பேச்சு மாதிரி ஆகிவிடும். மிளகைக் கடித்தேன். பனங்கற்கண்டை வாயில் அடக்கினேன். சுக்கு வெந்நீர் குடித்துக் குடித்து நாக்கு வெந்துபோனது. டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷர். பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி, தன் துண்டை என் கழுத்தில் சுற்றிவிட்டார். அந்த வெக்கையில் அது தனித் தண்டனை.

இதே நாட்களில் காரும் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தது. காலையில் செல்ஃப் எடுக்காமல் முனகியது. பனி என்றார் அண்ணன். தூறலில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசித்துவிட்டுத்தான் மறுபக்கம் போனது. ரப்பர் பழசு என்றார். பொழுது சாய்ந்து திரும்பும்போது ஹெட்லைட் மஞ்சளடித்தது. பல்பு மாற்ற வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்ததால் காரைப் பற்றி இருவருக்கும் கவலையே இல்லை. கவலையெல்லாம் என் தொண்டையைப் பற்றித்தான்.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவருடைய மச்சினனுக்கு வெகுநாளாக அந்த மைக்கின் மேல் ஒரு கண். சோழவந்தான் சந்தையன்று தானே வந்து நின்று கேட்பதாகவும், குரல் சரியில்லையென்றால் மைக்கை அங்கேயே மச்சினனிடம் கொடுத்துவிட வேண்டுமென்றும் முதலாளி சொல்லியனுப்பினார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்க, நான் முந்தின நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் வாயே திறக்கவில்லை. நான் எவளையோ காதலிப்பதாக அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

சந்தைக்குள் கார் நுழையும்போது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. வெற்றிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே நின்றது. அதற்கு அப்பால் முதலாளி. பக்கத்தில், மடிப்புக் கலையாத சலவைச் சட்டையில் மச்சினன். நான் வாயைத் திறந்தேன். ஸ்பீக்கரில் கரகரவென்று ஏதோ வந்து அடங்கியது. தொலைந்தோம் என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் மாட்டுவண்டியை விலக்க ஹாரனை அழுத்தினார். அது என்னைவிட மோசமாக முனகியது.

"அண்ணே, ஹாரனுக்குமா தொண்டை கட்டும்?" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டேஷ்போர்டைப் பார்த்தார். ஆயுத பூஜையன்று ஸ்டியரிங், மீட்டர், மைக் என்று ஒன்று விடாமல் அவர் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் ஒரு பொட்டை இப்போது நகத்தால் சுரண்டினார். அடியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டைனமோ பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்காவிட்டால் எரிகிற விளக்கு அது. வண்டி ஓடும்போது அணைந்திருக்க வேண்டும். எத்தனை நாளாகக் குங்குமத்துக்குள் விட்டுவிட்டு எரிந்ததோ.

"டைனமோ போச்சு தம்பி, பேட்டரியும் இறங்கிப்போச்சு," என்றார், இழவு சொல்வதுபோல.

"அப்ப என் தொண்டை?"

"அதுக்கென்ன, நல்லாத்தேன் இருக்கு."

அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். அவர் திட்டத் தொடங்குவதற்குள் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. செல்ஃப் டிக்கென்றதோடு சரி. நான் மைக்கைச் சீட்டில் போட்டுவிட்டு இறங்கினேன். காருக்கு முன்னால் நின்று, வெறும் தொண்டையில், சேலை, வேட்டி, பாவாடைத் துணி என்று ஆரம்பித்தேன். அத்தனை நாள் தின்ற மிளகும் சுக்கும் மொத்தமாக வேலை செய்தன. வெற்றிலை வியாபாரிகள் கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, ஆனாலும் நிறுத்தவில்லை.

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் கேட்டபடி நின்றார். அண்ணன் நடந்ததைச் சொல்லி, தெருமுனை ஒர்க்‌ஷாப்வரை வண்டியைத் தள்ள ஆள் வேண்டும் என்றார். முதலாளி தன் மச்சினனைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, சட்டையக் கழட்டி வச்சுட்டு வண்டியத் தள்ளுங்க," என்றார். "தம்பி முன்னால பேசிக்கிட்டே வரட்டும்."