கன்னத்தில் தெரியும் சூடு

விடுதியின் சலவைக்கூடத்தில் பதினொரு வருடமாக இஸ்திரி போடுகிறவருக்கு அந்நிய தேசத்தில் சுகம் என்று சொல்லிக்கொள்ளச் சில இருந்தன. காலையில் இயந்திரம் கக்கும் முதல் துண்டுகளை உள்ளங்கை பதிய அடுக்குவது. பத்தரை மணித் தேநீரை இரு கையாலும் பொத்திக்கொண்டு பின்வாசல் படியில் உட்காருவது. பஸ் நிறுத்தத்தின் இரும்புக் கம்பியில், நாளெல்லாம் வெந்த விரல்களை ஆற்றிக்கொள்வது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பாஷை பிடிபடாத ஊரில் மனிதனுக்கு அவன் கை தொடுகிற அளவுக்குத்தான் வீடு.

அந்தக் கைதான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு விரல் நுனியில் தொடங்கிய மரமரப்பு மூன்று மாதத்தில் பத்து விரலுக்கும் வந்துவிட்டது. தேநீர்க் குவளை இப்போது எடை மட்டும் உள்ள ஒரு பொருள்.

தலையணை உறையைச் சூடு ஆறாமல் மடித்தால் மடிப்பு சுருங்கிவிடும். தொட்டுப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அவர் யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே, தலையணைக்கெல்லாம் முத்தம் குடுக்குறீங்க? அண்ணிக்குச் சொல்லிரவா?" என்றாள் மடிப்பு மேசைக்காரி. அங்கே அவருடைய பாஷை பேசும் ஒரே ஆள்.

சிரித்து மழுப்பினார். அவள் பார்வை அவர் சுண்டுவிரலில் நின்றது. காசளவு கொப்புளம்.

"இது எப்ப சுட்டுச்சு?"

"எது?" என்றார். அதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை.

"டாக்டர்கிட்ட போகலாம்ணே."

"போனா எழுதிக் குடுத்துருவாங்கம்மா, வேலைக்கு லாயக்கில்லைன்னு. ஊர்ல எனக்கு யாரு இஸ்திரிப்பெட்டியைக் குடுப்பா? அம்பத்தி ரெண்டு வயசு."

எப்படியும் வியாழக்கிழமை டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் பரிசோதனை அது. கண்ணை மூடச்சொல்லி விரல்களைக் குத்திப் பார்ப்பார்கள். தேறாதவனை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் அவள் ஊக்கோடு வந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் நாள் பத்துக் குத்தில் இரண்டைச் சொன்னார். அடுத்த நாள் ஐந்து. புதன்கிழமை பத்தும்.

"பாத்தீங்களா, திரும்பி வருது. நீங்கதான் இடிஞ்சு போய் உக்காந்திருந்தீங்க."

அவருக்கும் விரலில் ஏதோ ஊறுவதுபோலத்தான் இருந்தது. அன்று மனைவி போனில், "குரல்ல என்ன இவ்வளவு தெம்பு? இங்க ஒரு லுங்கிய மடிச்சுவெச்ச மனுஷன் இல்ல, அங்க ஊரான் போர்வைய மடிக்கிறதுல அப்படியென்ன சந்தோஷம்?" என்று கேட்டாள். "மடிக்கிறது வேற ஆளு. நான் தேய்க்கிறவன்" என்று பதில் சொல்லிச் சிரித்தார். பத்தரை மணிக் குவளை மட்டும் அன்றும் சுடவில்லை. தேநீர் ஆறிப்போயிருக்கும் என்று வைத்துக்கொண்டார். நம்ப ஆசைப்படுகிறவன் இரண்டாம் முறை தொட்டுப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளும் துணைக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள்.

டாக்டர் அவர் கைகளை மேசைமேல் விரித்துவைக்கச் சொன்னார். கண்ணை மூடுங்கள், படும்போது சொல்லுங்கள் என்றார். அந்த ஊர்ப் பாஷையில் அவருக்குத் தடுமாறாமல் வரும் சொல் 'ஆமாம்'தான்.

கண்ணை மூடினார். காத்திருந்தார். அறை நிசப்தமாக இருந்தது. விரலில் ஒன்றும் இல்லை. காதும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. எதை என்று அப்போதுதான் புரிந்தது: வளையல். மடிப்பு மேசைக்காரி ஒவ்வொரு முறை குத்தும்போதும் அவள் கைவளையல்கள் கிணுகிணுக்கும். மூன்று நாளில் அவர் பழகியது அதைக் கேட்கத்தான். அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

குத்துமதிப்பாக "ஆமாம்" என்றார். கொஞ்சம் விட்டு இன்னொரு "ஆமாம்." பிறகு இன்னொன்று, இறைஞ்சுகிற குரலில்.

பதில் வராததால் கண்ணைத் திறந்தார். டாக்டர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊசி தட்டில் கிடந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றார் டாக்டர். அதட்டவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். இஸ்திரிக்காரர் கண் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்; ஒரு குத்தும் உறைக்கவில்லை. பிறகு டாக்டர் எழுதத் தொடங்கினார். பேனாக்குறி எந்தக் கட்டத்தில் விழும் என்று இவருக்குத் தெரியும். பதினொரு வருடத்தில் அந்தக் காகிதத்தை ஐந்து முறை பார்த்தவர்.

வராந்தாவில் அவள் இயந்திரத்திலிருந்து தேநீர் பிடித்துக்கொண்டு நின்றாள். குவளையை நீட்டும்போது வளையல் கிணுகிணுத்தது.

"என்னண்ணே, பத்தும் சொன்னீங்களா?"

அவர் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தார். குவளையை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"நல்ல சூடும்மா" என்றார்.