ஜோ டாமருக்குக் காற்று

'கட்லஸ்' என்ற படக்கதை வாரப் பத்திரிகைக்கு ஆகஸ்டுக்கு அப்புறம் காகிதமே சொல்லி வைக்கவில்லையாம். அச்சகத்தில் யாரோ சொன்னதை வேன் ஓட்டும் ஸ்டான் கேட்டு வந்து, தேநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மேவிஸ் பெல்லமியின் காதில் போட்டான்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதே, கண்ணு."

"நீ சொல்லாம வேற யார் சொல்லப் போறா?" என்றாள் மேவிஸ்.

மேவிஸின் அப்பா கசாப்புக் கடைகளுக்கு விலைப் பலகை எழுதியவர். அந்தக் கை இவளுக்கும் வாய்த்தது. லீவில் போன ஒருத்திக்குப் பதிலாகப் பத்து நாள் வேலைக்கென்று வந்தவள், படக்கதை மனிதர்களின் வாயருகே மிதக்கும் பலூன்களில் பேச்சை எழுதி, வெட்டி, ஒட்டிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டாள். எழுதும்போது உதடும் சேர்ந்து அசையும். ஒருமுறை மாடி பஸ்ஸில் மறுநாள் வேலையை நினைத்தபடி, "பின்னாடி சுறா!" என்று முனகப்போய், பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து மாடிக்கே போய்விட்டாள். சாயங்காலம் வீடு திரும்பினால், "இன்னைக்கு எத்தனை பேரைக் கொன்னே?" என்பதுதான் புருஷன் லெஸ்ஸின் முதல் கேள்வி.

அந்தக் கட்டடத்தில் எந்தப் பத்திரிகையும் செத்ததாகச் சொல்ல மாட்டார்கள். 'வாசகர்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி!' என்று அட்டையில் போட்டு, இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு கதைகள் பிழைத்து அங்கே போகும். மற்றவற்றை ஒரே பக்கத்தில் முடித்துக் கட்டுவார்கள். அதனால் மகிழ்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாரும் வேறு வேலை தேட ஆரம்பிப்பார்கள்.

திங்கட்கிழமை ஆசிரியர் பாஸ்கோ அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை மேசையில் வைத்தார். மகிழ்ச்சிச் செய்தி. 'மஸ்கெட்' பத்திரிகையோடு சேர்க்கிறார்கள். குத்துச்சண்டைக் கதையும் கால்பந்துக் கதையும் போகின்றன. முக்குளிப்பவன் ஜோ டாமர் போகவில்லை. மஸ்கெட்டில் பலூன் எழுத ஏற்கெனவே ஆள் உண்டு. ஜோ போனால்தான் அவன் பேச்சை எழுதும் மேவிஸும் போக முடியும்.

ஜோவோ மூழ்கிய கப்பலுக்குள், காற்றுக்குழாய் அறுந்து, எட்டுக்கால் பூதத்தின் பிடியில் கிடந்தான். பார்சிலோனாவில் இருக்கும் ஓவியர் அனுப்பிய படம் அப்படி. மாற்றி வரைய நேரமில்லை.

"கடைசிக் கட்டத்து மேல ஒரு வரி ஒட்டிடு. 'எப்படியோ ஜோ தப்பித்தான். முற்றும்.' அவ்வளவுதான்."

"எப்படியோன்னா எப்படி, சார்?"

"மேவிஸ்..."

"குழாயே இல்ல. அவன் எதை சுவாசிப்பான்?"

பாஸ்கோ தன் அறைக்குள் போய்விட்டார்.

அவள் பேனாவைத் தோய்த்தாள். உதடு அசைந்தது. மத்தியானம் அவர் கையெழுத்துக்கு வந்த பக்கத்தின் அடியில், 'ஜோவுக்குக் காற்று கிடைக்குமா? அடுத்த வாரம்!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

பாஸ்கோ அதை இரண்டு முறை படித்தார்.

"கண்ணாடிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். ஒண்ணும் தெரியல," என்று கையெழுத்துப் போட்டார். கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

கட்லஸின் அந்தக் கடைசி இதழ் கடைக்கு வந்த அன்றே கீழே தொலைபேசிக்காரி அலுத்துப் போனாள். ஹல் நகரத்திலிருந்து ஒரு பையன், அவன் அம்மா, ஒரு கப்பல்படைக்காரர்கூட. ஜோ அடுத்த வாரம் எந்தப் பத்திரிகையில் வருவான் என்றுதான் எல்லாருக்கும் கேள்வி. தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று எல்லாரையும் அவள் மேல்மாடி டைரக்டருக்கே திருப்பிவிட்டாள்.

மறுநாள் பாஸ்கோவின் மேசைமேலிருந்த கறுப்புத் தொலைபேசி அலறியது. அது மேல்மாடியோடு மட்டுமே பேசும் தொலைபேசி. ஸ்டான் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஜோவை மஸ்கெட்டுக்குக் கேட்கவும் இருக்கலாம். நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பவும் இருக்கலாம்," என்றார் பாஸ்கோ.

"இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் சார். அவங்களும் ஒரு தடவை காத்திருந்து பாக்கட்டுமே."

பார்சிலோனாவிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த அடுத்த பக்கத்தை மேவிஸ் விரித்துவைத்து, ஜோவின் வாயருகே முதல் பலூனை ஒட்டினாள். பாஸ்கோவின் கை தொலைபேசிக்கு மேலே வந்து நின்றது. மணி நிற்கவில்லை.