தோல் வேகனும் ஆறு வரிப் பிரெஞ்சும்

மழையில் நனைந்த செருப்பை மூலையில் போட்டு மறந்துவிட்டால் நாலாம் நாள் ஒரு வாடை வருமே, அதை ஒரு வேகன் நிறைய அடைத்து வெயிலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஆம்பூருக்குப் பதனிடப் போகிற பச்சைத் தோல் ஜோலார்பேட்டை ரயில் யார்டில் காத்துக் கிடக்கும்போது அப்படித்தான் நாறும். உப்புத் தடவிய தோலிலிருந்து சொட்டும் தண்ணீரில் ஈ மொய்க்கும். நாய்களைத் தவிர அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். நான் மட்டும் தினமும் பள்ளி விட்டதும் அங்கே போய் நின்று பிரெஞ்சு படித்தேன்.

சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. அப்பா ரயில் எஞ்சினில் பயர்மேன். ராத்திரி முழுக்கக் கரி அள்ளிப் போட்டுவிட்டுப் பகலில் தூங்குவார். நாங்கள் குடியிருந்த "லைன் வீடு"களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர், வீட்டுக்கு ஒருவர் பகலில் தூங்குகிறவர். நான் வாயைத் திறந்தால் போதும், அம்மா கரண்டியோடு வந்துவிடுவாள். "இன்னாடி கத்தற? அப்பா தூங்கறாரு இல்ல? மனசுக்குள்ள படி!" மனசுக்குள் படித்த பிரெஞ்சு மனசுக்குள்ளேயே தங்கிவிட்டது, நாக்குக்கு இறங்கி வரவில்லை.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் ஒரு பெண் படிக்க வேண்டுமென்றால், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்களின், எங்கள் வாயில் சட்டைக்காரர்களின், பிள்ளைகள் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளி ஒன்றுதான் கதி. அங்கே இங்கிலீஷுக்கு அடுத்த பாஷை பிரெஞ்சு. பாதி வருஷத்தில் போய் நின்ற என்னை, அதைக் கற்பித்த பிரெஞ்சுக்கார சிஸ்டர் ஒரு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்: ஈஸ்டர் லீவுக்குள் 'பேசு' என்ற வினையை, நடந்து முடிந்ததற்கும் முன்பே நடந்து முடிந்துபோன காலத்தில் வைத்து, நான் தொடங்கி அவர்கள் வரை ஆறு வரியும் வகுப்பின் முன்னால் பிழையில்லாமல் ஒப்பிக்க வேண்டும். தமிழில் பேசியிருந்தேன், பேசியிருந்தாய் என்று சுலபமாகப் போய்விடுகிற சங்கதிதான். ஒப்பிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காட்பாடியில் அத்தை மகன் மீசை வளர்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே தோல் வேகனிடம் போனேன். ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வாய்ப்பாடு சொல்வதுபோல் "ஜாவே பார்லே, து ஆவே பார்லே, இல் ஆவே பார்லே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "நு ஸாவியோன்" வரும்போது வழக்கமாக ஓர் எஞ்சின் ஊதிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஈஸ்டர் நெருங்குவதற்குள் ஆறு வரியும் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது.

ஒப்பிக்கிற நாளும் வந்தது. கையைக் கட்டி நின்றேன். முதல் வரியே வரவில்லை. மூக்கைப் பிடிக்காமல் நாக்கு நகர மாட்டேன் என்றது. யோசிக்காமல் கை மூக்குக்குப் போயிற்று. ஆறு வரியும் மெயில் வண்டி மாதிரி ஓடி வந்தன. வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிஸ்டர் முகம் சிவந்து, தமக்குத் தெரிந்த பிரசங்கத் தமிழில், "என் பாஷையைப் பரிகாசம் பண்ணுகிறாயோ? வெளியே போ" என்றார்.

நான் போகவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் கால் அசையவில்லை. "கேலி பண்ணல சிஸ்டர். தோல் வேகன் கிட்ட நின்னு படிச்சேன். மூக்க வுட்டா நாத்தம் தாங்காது. நம்பலன்னா வந்து பாருங்க" என்றேன்.

சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே வந்துவிட்டார். வேகனுக்குப் பத்தடி இருக்கும்போதே கைக்குட்டை மூக்குக்குப் போயிற்று. "இவ்விடத்திலா?" "ஆமா சிஸ்டர்." "சொல்." மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நாலாவது வரியில் அவர் மூக்கைப் பொத்தியபடியே திருத்தினார். அவர் குரலும் என் குரலும் ஒன்றாகவே இருந்தன. அந்தப் பக்கமாகப் போன, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் நின்று பார்த்து, "இன்னா சிஸ்டர், ரெண்டு பேருக்கும் ஜலதோஷமா?" என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "நாளைக்கு மூக்கைப் பிடிக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியில் இடம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போகவில்லை. இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டு அதே வேகனுக்கு எதிரில் நின்றேன். குமட்டியது, கண்ணில் நீர் வழிந்தது, ஒரு தடவை வாந்தியே எடுத்தேன். துடைத்துக்கொண்டு மறுபடி "ஜாவே" என்றேன். இருட்டுவதற்குள் நாக்கு வழிக்கு வந்தது. மறுநாள் வகுப்பில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறு வரியும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் பெஞ்சைக் காட்டி, "உட்கார்" என்றார்.

இப்போது பச்சைத் தோல் லாரியில் போகிறது. கரி எஞ்சின் போயிற்று, லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை, சிஸ்டரும் இல்லை. அதற்குப் பிறகு பிரெஞ்சு பேசுகிற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அந்த ஆறு வரியை யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. கேட்காவிட்டால் போகட்டும். பள்ளி இறுதி வகுப்பு முடித்து, டீச்சர் வேலைக்குப் படித்து, என் சம்பளத்தில் என் சோற்றைத் தின்றேன். அன்று சிஸ்டர் "உட்கார்" என்றாரே, அந்த பெஞ்சிலிருந்து என்னை எழுப்ப பிறகு ஒருவராலும் முடியவில்லை.