மாடி அறைக்கு ஒரு கடிதம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரே நாளில் தினக்கூலியாகச் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். அதில் வேலை நிரந்தரமானது சின்னவள் ஒருத்திக்குத்தான். முப்பத்தொரு வயதில் கணவனைப் பறிகொடுத்தாள். கொழுந்தன்மார் மூன்று பேர் மாறி மாறி வந்து கேட்டும் வீட்டை விட்டுக்கொடுக்கவில்லை. மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தாள். நாற்பத்தாறாவது வயதில் வீட்டுக்கு மேல் ஓர் அறையும் குளியலறையும் கட்டி, வாடகைக்கு விடுகிற ஆளானாள். இத்தனையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல்.

மாடிக்குக் குடிவந்தவர் ஒரு லாட்ஜில் இரவு வேலை பார்ப்பவர். தனிக்கட்டை, சத்தம் போடாத மனிதர். வாடகை ஒப்பந்தம் எழுத இருவரும் பத்திரம் எழுதுகிறவரிடம் போனார்கள். இப்படிப்பட்ட காரியங்களுக்கு அக்காவைக் கூட்டிப்போவது சின்னவளின் வழக்கம். அக்கா ஐந்தாவது வரை படித்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அன்று கூப்பிடவில்லை. இது ஒன்றையாவது தனியாகச் செய்ய வேண்டும் என்று இருந்தது.

"படிச்சுக் காட்டட்டுமாம்மா?" என்றார் எழுதியவர்.

"வேணாங்க. எல்லாம் பேசினதுதானே."

பெருவிரலில் மை தடவி அழுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் சோடாவிலும் பிளீச்சிங் தூளிலும் ஊறிய விரல். காகிதத்தில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை.

"என்னம்மா, ரேகையைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவளும் சிரித்துவைத்தாள்.

நான்காம் மாதம் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் உள்ளங்கை அகலம் ஈரம் தெரிந்தது. பிறகு சொட்டத் தொடங்கியது. மாடிக் குளியலறையின் தரை ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்தினாள். வாளியை வைத்தாள். வேலைக்குப் போனாள். ஒரு நாள் திரும்பி வந்தபோது கட்டில் முன்பு கிடந்த இடத்தில் காரை பெயர்ந்து குவிந்திருந்தது. மேலே துருப்பிடித்த கம்பி. பெருக்கி அள்ளினாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

கொத்தனார் அண்ணாந்து பார்த்தார். "மேல தரையை உடைச்சுப் புதுசாப் போடணும். ரெண்டு நாள் வேலை. மழைக்கு முன்னாடி செய்யலைன்னா மொத்தமும் உங்க தலையிலதான் இறங்கும்."

மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். நண்பகல். குடியிருப்பவர் தூக்கக் கண்ணோடு வந்து நின்றார்.

"கொத்தனாரை அனுப்பணும் தம்பி. ரெண்டே நாளு."

"எழுத்துல குடுங்கம்மா. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. என்ன வேலை, எத்தனை நாள், கீழ உங்க கையெழுத்து. இல்லாம யாரும் உள்ள வரக்கூடாதுன்னு நான்தான் போடச் சொன்னேன்."

"கைநாட்டு வெச்சுத் தரேன்."

அவர் உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்துவந்து நீல வட்டத்தைக் காட்டினார். "இதை யார் வேணும்னாலும் வெச்சிருக்கலாம்மா. போன வீட்டுல ஓனரோட தம்பின்னு ஒருத்தன் இப்படி ஒரு துண்டுச்சீட்டைக் காட்டிட்டு உள்ள வந்தான். சாயங்காலம் என் பெட்டி தெருவுல கிடந்துச்சு."

"சரி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குப் படவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா எகிறினாள். "என்னைக் கூப்பிட்டிருந்தா வாய் வலிச்சிருக்குமாடி? காகிதத்தைக் கொண்டா, நானே உம்பேரைப் போட்டுத் தரேன்."

"நீ போட்டா அது உன் கையெழுத்து."

"அடேயப்பா! ஓனரம்மா சட்டம் பேசறாங்க."

சின்னவள் கைப்பையிலிருந்து கிழிந்த விரிப்பு ஒன்றையும் சலவைக்கூடத்து மைப்பேனாவையும் எடுத்து வைத்தாள். விரிப்புகளின் மூலையில் வார்டு அடையாளம் போடுவது அங்கே அவள் வேலை. எது எந்த எழுத்து என்று தெரியாது; பார்த்த உருவத்தை அப்படியே இறக்குவாள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அவள் போட்டது அழியாது.

"என் பேரை மேல எழுது."

அக்கா எழுதினாள், ஐந்து எழுத்து. சின்னவள் கடைசி எழுத்தில் ஆரம்பித்தாள். விரிப்பில் எப்போதும் வலது மூலையில் தொடங்கி உள்பக்கமாக வருவதுதான் அவள் பழக்கம். அப்போதுதான் அடையாளம் ஓரத்தை ஒட்டி நிற்கும்.

"அடியே, இந்தப் பக்கத்துலருந்து போடுடி!"

"எங்கருந்து போட்டா என்னக்கா? முடிஞ்சா ஒண்ணுதானே?"

விரிப்பின் ஓரம் முழுக்கப் பேர் நிறைந்தது. முப்பதாவதுக்கும் முப்பத்தோராவதுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை.

மறுநாள் அக்கா கடிதத்தை எழுதினாள்: குளியலறைத் தரை, இரண்டு நாள், கொத்தனாரும் ஓர் ஆளும். கீழே இடம் விட்டாள். சின்னவள் அதை எடுத்துக்கொண்டு தனியாக மாடி ஏறினாள்.

"கையெழுத்து இல்லையேம்மா" என்றார் அவர்.

"உங்க கண்ணெதிர்லயே போடறேன் தம்பி. அப்புறம் யாரு போட்டதுன்னு கேக்க வேண்டியதில்லை."

காகிதத்தைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"சரிம்மா. சனி, ஞாயிறு நான் சிநேகிதன் வீட்டுல இருந்துக்கறேன். வந்து உடைக்கச் சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. கீழே வாளி நிறைந்திருக்கும், போய்க் கொட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

"தேதி விட்டுப்போச்சு" என்று அவரே பேனாவை வாங்கி அவள் பேருக்குக் கீழே எழுதினார்: 17 மார்ச் 2015, செவ்வாய்க்கிழமை.