டாஷ்போர்டிலிருந்து விழுந்த மாதா படம்

என் மகள் செசிலிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை காலையில். வருஷம் அறுபத்து நாலு. ஆறு வயசுப் பிள்ளை. மூன்று நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி என்று முனகிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கழுத்து வீங்கி, இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி சத்தம் போட்டது. செஞ்சியில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். “தொண்டை அடைப்பான். இதுக்கு ஊசி மருந்து என்கிட்ட இல்ல. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நிக்காத, போ” என்றார்.

நான் கார் டிரைவர். பெயர் அருளப்பன். கடலைக்காய் வியாபாரம் செய்யும் ஒரு ஜைன முதலாளியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். விஷயம் கேட்டதும் அவர் சாவியை என் கையில் வைத்து, “இன்னும் இன்னாத்துக்கு நிக்கிற, கெளம்பு” என்றார். அந்த நல்ல மனுஷருக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சியே பொய்யாகிவிடும், சொல்லிவிடுகிறேன்.

அது பழைய கார். பொங்கலுக்குப் பிறகு அதில் இரண்டு கோளாறு வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் தண்டைத் தள்ளினால் செகண்ட் கியர் உடனே விழாது. கொஞ்சம் யோசித்து, முனகிவிட்டுத்தான் விழும். இன்னொன்று, வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கும். எஞ்சினுக்குள் ஆயில் ஓட்டம் குறைந்தால் எரிகிற விளக்கு அது. ஆயில் ஊற்றினால் அணையும், நாலு நாளில் மறுபடி எரியும். “இன்னாப்பா அது, செவப்பா?” என்று முதலாளி ஒருநாள் கேட்டார். “வண்டி தேறாதுன்னா வித்துடலாம்” என்றும் சொன்னார். வண்டி போனால் என் வேலையும் போச்சு. பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் ஒரு சின்ன மாதா படத்தில் சோற்றுப் பசை தடவி, அந்த விளக்கின் மேலேயே ஒட்டிவிட்டேன். எல்லோரும் பக்தி என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

கியருக்காக மெக்கானிக் காதர் பாயிடம் மூன்று தடவை போனேன். அவர் கியர் கம்பிகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார், கிளட்சையும் சரிசெய்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா விழ மாட்டேங்குதே. விளக்கு ஏதாச்சும் எரியுதா அருளப்பா?” என்று டாஷ்போர்டுப் பக்கம் குனிந்தார். மாதா படத்தைப் பார்த்ததும் கிரீஸ் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஒண்ணும் எரியல பாய்” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அந்தக் காரில்தான் என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனேன். முன்சீட்டில் மனைவி தெரேசா, அவள் மடியில் செசிலி. திண்டிவனம் ரோட்டில் பாதித் தூரம்கூடப் போகவில்லை. எதிரே மாடுகள் குறுக்கே வந்தன. வேகத்தைக் குறைத்து செகண்ட் கியருக்குத் தள்ளினேன். விழவில்லை. மறுபடி தள்ளினேன். கறகறவென்று சத்தம்தான் வந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. “தாயே, கைவிட்டுடாதே! இந்தப் பிள்ளையக் காப்பாத்து!” என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அடித்துப் பிடித்துத் தண்டை இழுத்ததில் கியர் விழுந்தது. கார் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் மாதா படம் கழன்று என் காலடியில் விழுந்தது.

ஐயோ, என் உயிரே போய்விட்டது! மாதா எங்களை விட்டுப் போய்விட்டாள், பிள்ளை பிழைக்காது என்றே நினைத்தேன்.

“இன்னாங்க இது, செவப்பா எரியுது?” என்றாள் தெரேசா.

மினுக்கல் இல்லை. நின்று எரிந்தது. எவ்வளவு நேரமாக எரிந்ததோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். அப்படியே ஓட்டினால் ஒன்றிரண்டு மைலில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். பிறகு யார் வந்தாலும் அசைக்க முடியாது. நான் காரை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். “நிறுத்தாதீங்க! பிள்ள மூச்சு வுட மாட்டேங்குது, ஓட்டுங்க!” என்று தெரேசா என் தோளில் அடித்து அடித்து அழுதாள். அந்த அடி இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

பானெட்டைத் திறந்தேன். அப்போதுதான் இரண்டு கோளாறும் ஒன்றுதான் என்று கண்ணால் கண்டேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒருபக்கம் பிய்ந்து, எஞ்சினே சரிந்து கிடந்தது. சரிந்ததால் கியர் கம்பி இழுத்துக்கொண்டது. சரிந்ததால்தான் ஆயில் குழாயும் சட்டத்தில் உரசி உரசி ஓட்டையாகியிருந்தது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் அதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. சுற்றிலும் கடலைக்கொல்லை. ஒரு கடை கிடையாது. நான் ரோட்டிலேயே முழங்கால் போட்டேன். “பொய் சொன்னேன் தாயே. உன்னை வெச்சே மறைச்சேன். எனக்கு இன்னா தண்டனை வேணுமோ குடு, பிள்ளைக்குக் குடுக்காத” என்றேன். வேறு செபம் வாயில் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டி நிறைய கடலை எண்ணெய் டின்கள். “இன்னா டிரைவரே, ரோட்டுல முட்டி போட்டுனு இருக்கற?” என்றார் வண்டிக்காரர். பிள்ளையைப் பார்த்ததும் குதித்து இறங்கினார். “விடியக்காலையே போயிருக்க வேண்டியவன்பா. மாட்டுக்கு லாடம் அடிச்சதுல நேரமாயிடுச்சு. எண்ணெ ஊத்துனா ஓடுமா?” என்று கேட்டார். ஓடுமா என்று எனக்கும் தெரியாது. இருவரும் ஜாக்கி வைத்து எஞ்சினைத் தூக்கினோம். சக்கரத்துக்கு வைக்கும் முட்டுக்கட்டையை அவரே கொண்டுவந்து இடையில் சொருகினார். தெரேசா முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். கை வெந்தாலும் வேகட்டும் என்று குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கடலை எண்ணெயை ஊற்றினேன். மிச்ச எண்ணெயை டின்னோடு காரில் வைத்துவிட்டார் அந்த மகராசன்.

சாவியைத் திருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் உறுமியது. விளக்கு அணைந்தது! கியர் தண்டைத் தள்ளினேன். இரண்டு மாதமாக என்னோடு மல்லுக்கட்டிய செகண்ட் கியர் மறுபேச்சில்லாமல் விழுந்தது. வழியில் இரண்டு தடவை எண்ணெய் ஊற்றினோம். பாண்டிச்சேரி போய்ச் சேரும் வரை அந்த விளக்கு எரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டார்கள். இரண்டு ராத்திரி தெரேசாவும் நானும் செபமாலையை விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் செசிலி கண்ணைத் திறந்து, கம்மிய குரலில் என்னைக் கூப்பிட்டாள்.

“நைனா, காருல வட சுட்டாங்களா? ஒரே எண்ணெ வாசன.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் சொன்னேன். அவர் சாவியை மறுபடி என் கையில் வைத்தார். பிறகு, “ரப்பரை மாத்திட்டு வண்டிய எடு” என்றார். காதர் பாய்தான் கோபித்துக்கொண்டார். “ஒங்க மாதா படத்த நான் எப்புடிப்பா தொடுவேன்? நீதான சொல்லணும்!” என்றார். அவர் கேட்டது நியாயம்.

என்னைப் போல் பயந்து கிடக்கிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள், அவள் கேட்பாள். படம் விழுந்ததும் அவள் போய்விட்டாள் என்று நடுங்கினேனே, படம் விழுந்து விளக்கைக் காட்டியதுதான் அவள் கொடுத்த பதில். இப்போது அந்தப் படம் காரின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கிறது. தினமும் காலையில் சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு எரியும், எஞ்சின் ஓடியதும் அணையும். எரிந்து அணைவதற்குள் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பிப்பேன். அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆமென் சொல்வேன்.