பூக்கூடைக்குள் ஒரு சிடி

எங்கள் பெரியம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. வயதாகிவிட்டது, முழங்கால் வலி, பாவம் மன்னித்துவிடு என்கிறார்கள். முழங்கால் வலித்தால் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா?

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் பியானோ. விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு வெள்ளைக்கார சிஸ்டரிடம் கற்றுக்கொண்டது. அந்தப் பழைய பியானோ பீடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்தது. வாசிப்பவரின் முதுகுதான் சபைக்குத் தெரியும். அதனால் அத்தை ஒரு மொபட்டின் பக்கக் கண்ணாடியைக் கொண்டுவந்து பியானோ மேல் நிறுத்தியிருந்தாள். யார் வருகிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று அதில் பார்த்துக்கொண்டேதான் வாசிப்பாள்.

ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்த கால். மகளைப் பிடித்துக்கொண்டு அவர் பீடம் வந்து சேர மற்றவர்களைவிட மூன்று மடங்கு நேரம் பிடித்தது. அத்தை அதே மெட்டை இழுத்து, சுற்றி, திரும்ப எடுத்து, அவர் கடைசி அடி வைத்தபோது முடித்தாள். அவர் மெதுவாக வந்ததே ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஞானஸ்நானத்தில் குழந்தை வீறிட்டால் அவள் விரல்கள் தானாக மெத்தென்று இறங்கும். “நடக்கிறவங்களுக்குத் தக்கன வாசிக்கோணும் கண்ணு. வாசிக்கிறதுக்குத் தக்கன அவங்கள நடக்க உடக் கூடாது” என்பாள்.

மாமா அவிநாசி ரோட்டில் பைக்கில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் கல்யாணங்களில் வாசிக்க அத்தையை யாரும் கூப்பிடவில்லை. சாவுக்கு மட்டும் மறக்காமல் ஆள் அனுப்பினார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளின் கை கல்யாணத்துக்கு ஆகாதாம், பெட்டி தூக்கும்போது மட்டும் ஆகுமாம். காலையில் ஜெபம் செய்துவிட்டு மத்தியானம் சகுனம் பார்ப்பதில் எங்கள் சனத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஐந்தாம் வகுப்பு. செல்போனை எல்லோர் கண்ணிலும் படும்படி இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்காவது கூப்பிடுவார்கள் என்று அத்தை நம்பினாள். வேலை விட்டு வந்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரல்களைத் தட்டித் தட்டிப் பழகுவாள். மேசையிலிருந்து என்ன பாட்டு வரும்? ஆனாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பெரியம்மா வந்து அப்பாவிடம் சொன்னார்: “நான் தப்பாச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. தங்கச்சி நல்லாத்தானுங்க வாசிக்குது. ஆனா நல்ல காரியமுங்களே, மாப்பிள்ள ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? ஒரு சிடி போட்டா முடிஞ்சு போச்சுங்க.”

எங்கள் பக்கம் எதற்கும் ஒரு ‘ங்க’ உண்டு. கழுத்தை அறுத்தாலும் ‘ங்க’ போட்டு மரியாதையாகத்தான் அறுப்பார்கள். அப்பா சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தையிடம், “அம்மிணி, சிடி போட்டுக்கலாமுன்னு இருக்குது” என்றார். “சரிங்கண்ணா” என்றாள் அத்தை. பெரியம்மா மேல் வந்ததைவிட அந்தச் ‘சரி’யின் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

முந்தின நாள் ஒத்திகையில் அக்கா பாதி தூரம் வருவதற்குள் சிடியில் பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு தடதடவென்று ஆரம்பித்துவிட்டது. “கொஞ்சம் வெரசா நடந்தாச் செரியாப் போச்சு” என்றார் பெரியம்மா. பனியன் கம்பெனியில் பீஸ் கணக்குக்கு விரட்டும் சூப்பர்வைசர் மாதிரி அந்தச் சிடி என் அக்காவை விரட்டியது.

கல்யாணத்தன்று அக்காவுக்கு முன்னால் பூத்தூவி நடக்கிற பெண் நான். சிடி பிளேயர் பீடத்தை ஒட்டிய அறையில் இருந்தது. அதற்குப் பொறுப்பான பெரியம்மாவின் மகன், மாப்பிள்ளையின் கார் வந்துவிட்டதென்று வெளியே ஓடினான். நான் உள்ளே போய்ச் சிடியை எடுத்து என் பூக்கூடையின் அடியில் வைத்து, மேலே ரோஜா இதழ்களைப் பரப்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை. முழுக்க முழுக்க என் சொந்த யோசனை.

வாசலில் அப்பாவும் அக்காவும் வந்து நின்றார்கள். போதகர் கை காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிகள் மட்டும் சுற்றின. யாருடைய செல்போனோ அலறி அடங்கியது. நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். அப்பாவுக்குக் கால் பின்னியது, அக்கா பாதியில் நின்றேவிட்டாள். நான் திரும்பிக் கடைசி பெஞ்சில் இருந்த அத்தையைப் பார்த்தேன். எழுந்திரு, எழுந்திரு என்று மனசுக்குள் கத்தினேன்.

அத்தை எழுந்தாள். சுவர் ஓரமாகவே வேகமாக நடந்து போனாள். கண்ணாடியை மறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பூக்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். முதல் சுரம் விழுந்ததும் அக்காவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் அப்பா நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாட்டும் அவருக்காக அங்கேயே நின்று சுற்றியது. அவர் காலெடுத்து வைத்ததும் அதுவும் கிளம்பியது. சபையில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பந்தியில் எங்கள் அம்மாவிடம், “ஆருங்க வாசிச்சது? ஒடம்பே சிலுத்துப் போச்சுங்க” என்றார். யார் என்ன நினைப்பார்களோ என்று பெரியம்மா பயந்தாரே, அதே மாப்பிள்ளை வீட்டுக்காரர்!

அந்தப் பந்தியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். பெருமையில் துள்ளிக் குதித்ததில் கூடை கவிழ்ந்து சிடி உருண்டு, பெரியம்மாவின் காலடியில் போய் விழுந்தது. அவர் என் காதைப் பிடித்துத் திருகினார்.

“ஆரு சொல்லிக் குடுத்தாடி?”

நானேதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை வந்து நின்றாள். “நாந்தானுங்க எடுத்து வெக்கச் சொன்னேன். புள்ளைய உட்டுருங்க.”

பெரியம்மா என் காதை விட்டார். அப்புறம் அங்கே நடந்த பேச்சில் ஒரு ‘ங்க’கூட இல்லை. ஆசை பிடித்து ஆட்டுது, தாலியறுத்தும் புத்தி வரலை, பச்சைப் பிள்ளையைத் திருடியாக்கிட்டா என்று அத்தனை சனத்துக்கும் முன்னால். அப்பா அப்போதும் பார்க்க ஒரு காலண்டரைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு பியானோவுக்குப் பூட்டுப் போட்டார்கள், சாவி சபைக் கமிட்டியில் இருந்த பெரியப்பாவின் பைக்குள் போனது. அதன்பின் சாவுக்கும் சிடிதான். கண்ணாடியைக் கழற்றி அத்தையிடமே கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று சாயங்காலமே நான் அத்தையிடம் சண்டைக்குப் போயிருந்தேன். “எதுக்குப் பொய் சொன்னீங்க? அது என்ற யோசனைதானே?”

“ஆமா கண்ணு, உன்ற யோசனைதான்” என்றாள். “ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே, என்ன?”

என் சாமர்த்தியத்தைத் தன்னுடையதென்று சொல்லிக்கொண்டு, இப்போது குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பத்து நாள் அவளோடு நான் பேசவில்லை.