கொழும்பு மேட்சுக்கு நான் போகவில்லை

நம் தேசத்துப் பெண்கள் கடல் கடந்து கிரிக்கெட் ஆடப் போகிறார்களாம். பேப்பரில் போட்டிருக்கிறான். இதுதான் முதல் தடவை என்று வேறு எழுதியிருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் தாத்தாவுக்குப் பல் முளைத்த காலத்திலேயே பாளையங்கோட்டை போர்டிங்கிலிருந்து பதினோரு பெண்கள் கொழும்புக்குப் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்தது பத்துப் பேர்.

எங்களுக்கு கிரிக்கெட் பழக்கியவர் தலைமை மிசியம்மா. வெள்ளைக்காரி, கறாரானவர். ஆண்கள் கண்ணில் படாமல் மைதானத்தைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் ஏறாமல் இழுத்துச் செருகி ஆடச் சொன்னார். நான் சீவலப்பேரிக்காரி. வயலில் கிளி விரட்டக் கவண் சுற்றிய கை, அதுவும் இடது கை. வீட்டில் அந்தக் கைக்காக எல்லாரிடமும் அடி வாங்கியிருக்கிறேன், அப்பாவைத் தவிர. கல் எறிய எந்தக் கையானால் என்ன என்று விட்டுவிடுவார். அந்தக் கையால் நான் போட்ட பந்தை மிசியம்மா பார்த்துவிட்டு, இனி இவள்தான் முதலில் வீச வேண்டும் என்றார். விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பிடித்தவள் எங்கள் கேப்டன், ஒரு வாத்தியார் மகள்.

ஒரு பொங்கல் விடுமுறையில் சிலோன் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பெண்கள் கப்பலேறி வந்து எங்களோடு ஆடினார்கள். மிசியம்மா அட்டையில் ஒரு பக்கம் 'இந்தியா' என்றும் மறுபக்கம் 'சிலோன்' என்றும் எழுதி மாட்டினார். இந்தியாவை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இந்தியா ஜெயித்தது, நான் ஆறு பேரை வெளியே அனுப்பினேன். அடுத்த வருஷம் நாங்கள் அங்கே போய் ஆடுவதாகப் பேச்சு.

அந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கிரிக்கெட்டுக்காக அல்ல. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் அப்பா ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். எனக்கு ஏழு வயது. யாரோ எழுதிக் கொடுத்த ஒரே ஒரு கடிதம் வந்தது, தோட்டத்தின் பெயரோடு. அம்மா பேதியில் செத்ததையும் மிஷன் என்னை போர்டிங்கில் சேர்த்துக்கொண்டதையும் எழுதினோம்; பதில் இல்லை. அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்திருந்தேன். அதைக் காட்டியதும் மிசியம்மா தோட்டத்துத் துரைக்கு எழுதினார்: இன்ன கூலியின் மகள் இன்ன நாளில் கொழும்பில் ஆட வருகிறாள், ஒரு நாள் விடுப்புக் கொடுத்தால் நல்லது. அதற்கும் பதில் இல்லை.

அப்போது பிளேக் பயம். கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டும். தகப்பன் பெயர், தொழில். மிசியம்மா என் முறை வந்தபோது, மிஷன் பிள்ளை என்று மட்டும் போடட்டுமா என்று கேட்டார். கேப்டன் காதில் கிசுகிசுத்தாள்: "ஏட்டி, வாத்தியார் மகள்னு எழுதச் சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே. தாளில் அப்பா பெயரும் தோட்டத்தின் பெயரும் இருந்தால், கரையில் இறங்கும்போது சர்க்காரே அவரைக் கூப்பிட்டு நிறுத்தும் என்று நம்பினேன். அவ்வளவு புத்திசாலி நான். தோட்டக் கூலி என்று எழுதச் சொல்லி நின்றேன். மிசியம்மா பொய் எழுத மாட்டார், அதனால் எழுதினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா அந்தத் தாளைப் படித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "கூலி ஆளுக எல்லாம் கேம்புக்குத்தான் போணும்" என்றான். தோட்டத்துக்குப் போகும் கூலிகளை ஐந்து நாள் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றுவார்கள். மிசியம்மா அரை மணி நேரம் வாதாடினார். மேலதிகாரி கையெழுத்து இருக்கிறது என்று காட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. படகு கிளம்பும் நேரம் வந்ததும் என் தலையில் கை வைத்து, தேவ சித்தம் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். தேவன் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்ப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கேம்பில் என் துணியை ஆவியில் வேகவைத்தார்கள். தலையில் மருந்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அம்மை குத்தினார்கள், இடது கையில். அது வீங்கிப் போயிற்று. மூன்றாம் நாள் கொழும்பில் ஆட்டம். அன்று தகரத் தட்டில் கஞ்சியோடு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாள் முடிந்ததும் மிஷன் ஆள் ஒருத்தி வந்து என்னைப் பாளையங்கோட்டைக்கே திருப்பிக் கூட்டிப் போனாள்.

கொழும்பிலிருந்து தோற்றுத் திரும்பி வந்தார்கள். நீ இருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கேப்டன் மட்டும் என்னைக் கிணற்றடிக்குத் தனியாக அழைத்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது.

"ஒங்க அய்யா வந்திருந்தாவ" என்றாள். "வேலிக்கு அங்கன காலையிலேருந்தே நின்னாவ. சட்டை இல்ல, துண்டு மட்டும். ஒன்னயத்தான் கேட்டாவ."

நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னாயா என்று கேட்டேன்.

"சிலோன் பிள்ளைக எல்லாம் பக்கத்துலயே நிக்குதுக. நீ கூலி கேம்புல கெடக்கேன்னு எப்படிச் சொல்ல முடியும்? அப்படி ஒரு பிள்ளை எங்க கூட்டத்துலயே இல்லன்னு சொல்லிட்டேன். ஒன் மானத்தக் காப்பாத்திட்டேன்ட்டி."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். எங்கள் பெண்கள் பந்து வீசுவதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, பள்ளிக்கூடத்திலாவது அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்று ஊர் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"இடது கைக்காரின்னு சொன்னாவ. 'பீச்சாங்கையிலதான் எறிவா, தாயீ, பாத்திருக்கியளா'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்னே?"

"பாத்ததே இல்லன்னுட்டேன்."

இரண்டு வருஷம் என் பந்தைப் பிடித்து அவள் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையாலேயே என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.